தோல் புற்றுநோய்: மாறுகிற மச்சமும் ஆறாத புண்ணும்

எனக்கு வந்த கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தோள்பட்டையில் உள்ள மச்சம் ஒன்று சில மாதங்களாகப் பெரிதாகி வருவதுபோல் தெரிகிறது, அது புற்றுநோயா என்று எப்படி அறிவது என்பது முதலாவது. மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் தோல் புற்றுநோய் வராது என்கிறார்களே, பிறகு எதற்குத் தோல் பரிசோதனை என்பது இரண்டாவது.

முதலாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஒருவரின் உடலில் மற்ற மச்சங்கள் எல்லாம் இருந்தபடியே இருக்க, ஒன்று மட்டும் மாறுகிறது என்றால் அதைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். இப்படிக் காட்டப்படும் மச்சங்களில் பெரும்பாலானவை ஒன்றும் இல்லாதவைதாம். ஆனால் எது ஒன்றும் இல்லாதது என்பதை வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. வெறும் கண்ணால் பார்த்து நானும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு ஆபத்தானதாக ஆகியிருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதனால் கருநிறத் தோலில் வெயிலால் வரும் புற்று குறைவு. அமெரிக்கக் கணக்குகளின்படி, மெலனோமா என்ற தோல் புற்று கறுப்பினத்தவரைவிட வெள்ளையருக்கு 20 மடங்குக்கும் அதிகமாக வருகிறது. இதுவரை சரி. குறைவு என்பதை 'இல்லவே இல்லை' என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. நோயாளிக்கும் சந்தேகம் வருவதில்லை. பல நேரங்களில் முதலில் பார்க்கும் மருத்துவருக்கும் வருவதில்லை. அதனால் கருநிறத்தவரிடம் இந்த நோய் முற்றிய நிலையிலேயே அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது, பிழைப்பவர்களின் விகிதமும் குறைகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கருநிறத் தோலில் வரும் மெலனோமாவில் பெரும்பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற இடங்களில் வருகிறது. வெயிலே படாத, நிறமும் குறைவாக உள்ள இடங்கள் இவை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் 1977-இல் கண்டறியப்பட்டது இந்த வகைதான். கால்பந்து ஆடும்போது பட்ட காயம் என்றே அது முதலில் கருதப்பட்டது. 1981 மே மாதம் அவர் இறந்தபோது அவருக்கு வயது 36. உள்ளங்காலில் வரும் மெலனோமா இன்றும் கால் ஆணி, மரு, பித்தவெடிப்பு, நீரிழிவுப் புண் என்று ஏதாவது ஒரு பெயரை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் களிம்புக்கு அடியில் வளர்கிறது. கால் ஆணி என்று நினைத்துச் சிகிச்சை செய்தும் குணமாகாத எதையும் மறுபடி காட்டிக் கேளுங்கள். குறிப்பாக அதன் ஓரத்தில் கருமை படர்ந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

தோல் புற்றில் முக்கியமானவை மூன்று. அடிச்செல் புற்று, செதிள்செல் புற்று, மெலனோமா. மூன்றும் வெவ்வேறு முகத்துடன் வருவதால், 'கறுப்பு மச்சம்' ஒன்றையே தேடுகிறவர்கள் மற்ற இரண்டையும் தவறவிட்டுவிடுகிறார்கள்.

உலகில் மிக அதிகமாக வருவது அடிச்செல் புற்று. மூக்கு, கண்ணிமை ஓரம், காது, நெற்றி ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். வெளிர்நிறத் தோலில் முத்துப்போல் பளபளக்கும் சிறு மேடாகத் தொடங்கும். அதன்மேல் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுவது தெரியும். மாநிறத் தோலில் அதே மேடு பெரும்பாலும் கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருப்பதால் புதிதாக வந்த மச்சம் என்று தோன்றிவிடும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்துப் பாருங்கள். விளிம்பு சுருட்டிவிட்டதுபோல் உயர்ந்தும், நடுப்பகுதி குழிந்தும் தெரியும். நடுவில் பொருக்குத் தட்டும். முகம் துடைக்கும்போது அது உதிர்ந்து ஒரு துளி ரத்தம் வரும். ஆறிவிட்டதுபோல் சில நாட்கள் இருக்கும். பிறகு அதே இடத்தில் மீண்டும் பொருக்கு. ஆறுவதும் உடைவதுமான இந்தச் சுற்றுதான் இதன் சரியான அடையாளம். மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பு வரை அரித்துக்கொண்டு போகும். சிறியதாக இருக்கும்போது ஒரு சிறு அறுவையில் முடிவது, பிறகு முகத்தையே சீரமைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

செதிள்செல் புற்று கெட்டியான, சொரசொரப்பான, செதில் உதிரும் தடிப்பாகவோ ஆறாத புண்ணாகவோ வரும். வெளிர்நிறத்தவருக்கு வெயில் படும் முகம், காது, கீழுதடு, புறங்கை ஆகிய இடங்களில் அதிகம். கருநிறத்தவரிடம் கதை வேறு. அங்கே பல நேரங்களில் நாட்பட்ட புண்களிலிருந்தும் பழைய தீக்காயத் தழும்புகளிலிருந்தும் இது கிளம்புகிறது. 1828-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் எழுதிய விவரிப்பை ஒட்டி இதற்கு மார்ஜோலின் புண் என்றே பெயர். சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் தழும்பு பல பத்தாண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் உடையும். காலில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் புண்ணின் ஓரம் தடித்து எழும்பும், சதை பொங்கும், தொட்டால் ரத்தம் வரும், துர்நாற்றம் கூடும், இதுவரை இல்லாத வலி வரும். 'அது பழைய புண்தானே' என்ற பழக்கம் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் புண்ணின் நடுப்பகுதியை மட்டும் பார்க்காமல் அதன் விளிம்பையும் பாருங்கள். சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தப் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆர்செனிக் கலந்த தண்ணீரை நெடுங்காலம் குடித்தவர்களும் இதே வரிசையில் வருவார்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு சிறு கெட்டி முடிச்சுகள் தோன்றுவது அவர்களுக்கு முன்னெச்சரிக்கை.

மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவானதும் உயிரை அதிகம் எடுப்பதும் மெலனோமா. இதை அடையாளம் காண்பதற்காக நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 1985-இல் நான்கு குறிகளைச் சொன்னார்கள். மச்சத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால் இரு பாதியும் ஒத்துப்போகாமல் இருப்பது. ஓரம் ஒழுங்கில்லாமல், சில இடங்களில் மை கசிந்ததுபோல் மங்கி இருப்பது. ஒரே மச்சத்தில் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நீலம், சிவப்பு என்று பல நிறங்கள் கலந்திருப்பது. அகலம் 6 மி.மீ.க்கு மேல், அதாவது பென்சிலின் பின்முனை அளவுக்கு மேல் இருப்பது. 2004-இல் ஐந்தாவதாக 'மாற்றம்' சேர்க்கப்பட்டது. என் கணக்கில் அதுதான் முதலில் வர வேண்டியது. 4 மி.மீ. அளவிலேயே புற்றாக இருக்கும் மச்சமும் உண்டு, 10 மி.மீ. அகலத்தில் பிறவியிலிருந்தே சாதுவாக இருக்கும் மச்சமும் உண்டு. ஒரு நாள் பார்த்த உருவத்தைவிட, ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதே எனக்கு அதிகம் சொல்கிறது.

இந்தக் குறிகளில் முதல் நான்குக்கும் அகப்படாமல் வரும் ஒரு வகை உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. முடிச்சு வகை மெலனோமா வட்டமாக, ஒரே நிறத்தில், ஒழுங்கான ஓரத்துடன் குமிழ்போல் எழும்பும். சில நேரங்களில் கறுப்பே இருக்காது. இளஞ்சிவப்பாக, கொப்புளம் போலவோ பூச்சிக்கடி போலவோ தெரியும். அதை மூன்று தன்மைகள் காட்டிக்கொடுக்கும். தோலைவிட்டு எழும்பி நிற்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும், வாரத்துக்கு வாரம் வளரும். இது வேகமாக ஆழத்தில் இறங்கும் வகை. எனவே இந்த மூன்றும் சேர்ந்த ஒரு குமிழ் மூன்று, நான்கு வாரங்களில் அடங்கவில்லை என்றால் அவசரம் என்றே கொள்ளுங்கள்.

பிரெஞ்சு மருத்துவர்கள் 1998-இல் சொன்ன இன்னொரு வழி எளியது, எவருக்கும் கைவரக்கூடியது. ஒருவரின் மச்சங்கள் எல்லாம் ஒரு குடும்பச் சாயலில் இருக்கும். சிலருக்குச் சின்னச் சின்னக் கறும்புள்ளிகள், சிலருக்கு வெளிர்பழுப்பு வட்டங்கள். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒன்று மட்டும் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் அதைக் காட்ட வேண்டும். காரணம் சொல்லத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. மெலனோமாக்களில் சுமார் 30 சதவீதம்தான் ஏற்கனவே இருந்த மச்சத்திலிருந்து வருகின்றன. மீதி, சும்மா இருந்த தோலில் புதிதாக முளைப்பவை. அதனால் பழைய மச்சங்களை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தால் போதாது. நடுவயதுக்கு மேல் புதிதாக ஒரு மச்சம் வருவதே கவனிக்க வேண்டிய செய்தி.

நகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அதிகம் குழப்பம் வருவதும், அதிகம் தவறவிடப்படுவதும் அங்கேதான். கருநிறத்தவர்களின் நகங்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். பல விரல்களில், மெல்லியதாக, பல ஆண்டுகளாக அப்படியே இருந்தால் பயமில்லை. ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, வளர்ந்த வயதில் புதிதாகத் தோன்றிய கோடு வேறு. அது 3 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் காட்ட வேண்டும். நகத்தின் அடிப்பக்கத்தில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருந்தால், அது நாளுக்கு நாள் அகன்றுவருகிறது என்று அர்த்தம். ஏனென்றால் நுனியில் இருப்பது பழைய நகம், அடியில் இருப்பது புதிய நகம். கருமை நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவியிருந்தால் அது ஹட்சின்சன் குறி எனப்படும். அதைப் பார்த்த பிறகு ஒரு வாரம்கூட வீணாக்கக் கூடாது.

அடிபட்டு நகத்தடியில் ரத்தம் கட்டியதா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. கறுப்பின் அடி விளிம்பு எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக நகத்தின் மேல் அரத்தால் ஒரு சிறு கீறல் போடுங்கள், படமும் எடுத்துவையுங்கள். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், கால் நகம் அதில் பாதிதான். ரத்தக்கட்டு என்றால் கீறலும் கறுப்பும் சேர்ந்தே நுனியை நோக்கி நகரும், அடியில் சுத்தமான நகம் முளைக்கும். கீறல் முன்னே போய், கறுப்பு பின்னாலேயே நின்றால் அது ரத்தம் அல்ல. ரத்தக்கட்டு நகர்ந்து போன பிறகும் அதே இடத்தில் அடிபடாமலே மீண்டும் வந்தால், அல்லது நகம் பிளந்து எழும்பினால், அப்போதும் காட்டத்தான் வேண்டும். புற்றிலிருந்தும் ரத்தம் கசியும்.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏற முதுகிலும் நெற்றிப்பொட்டிலும் மெழுகு ஒட்டியதுபோல் வரும் பழுப்புத் தடிப்புகள், கருநிற முகங்களில் கன்னத்தில் கொத்துக்கொத்தாக வரும் சிறு கறும்பருக்கள், கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் பாலுண்ணிகள், நெஞ்சில் வரும் செஞ்சிவப்புப் பொட்டுகள் ஆகிய எவையும் புற்று அல்ல.

வீட்டில் தோலைப் பார்ப்பதற்கு மாதம் ஒருமுறை போதும். தினமும் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது, கவலை மட்டும் வளரும். நல்ல வெளிச்சம், ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு கைக்கண்ணாடி இருந்தால் போதும். குளித்து முடித்த நேரம் வசதியானது. முகம், காதின் பின்புறம், கழுத்து, கைகள், விரலிடுக்கு, நகங்கள், மார்பு, மார்பகத்தின் அடிமடிப்பு, முதுகு, பிட்டம், பிறப்புறுப்பு, கால்கள் என்று ஒரே வரிசையில் போகப் பழகிக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. கடைசியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி, கால்விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். வாயின் உட்புறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். முதுகையும் உச்சந்தலையையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் கெட்டியும் விரலுக்குத் தெரியும் என்பதால் தடவியும் பார்க்க வேண்டும். சந்தேகமாக உள்ள மச்சத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் படம் எடுத்துத் தேதியுடன் சேமியுங்கள். நினைவு ஏமாற்றும், படம் ஏமாற்றாது. கைபேசிச் செயலிகள் 'ஆபத்தில்லை' என்று காட்டுவதை மட்டும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, மருத்துவரிடம் ஒழுங்காகப் போய்க் காட்ட வேண்டுமா என்ற கேள்வி. இதில் உலகம் முழுக்க ஒரே கருத்து இல்லை. ஜெர்மனியில் 2008 முதல் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோல் பரிசோதனை வழங்கப்படுகிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவோ, எந்த அறிகுறியும் இல்லாத எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்று 2023-இல் மறுபடியும் அறிவித்தது. எல்லாரையும் ஆண்டுதோறும் வரச்சொல்வதை நானும் ஆதரிக்கவில்லை. தேவையில்லாத அறுவைகள் கூடிவிடும். ஆனால் சிலருக்கு இது கட்டாயம். ஏற்கனவே தோல் புற்று வந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ மெலனோமா வந்தவர்கள், உடலில் 50-க்கு மேல் மச்சங்கள் உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்தோல் உள்ளவர்கள், முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், நாட்பட்ட ஆறாப்புண் உள்ளவர்கள் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும். மெலனோமா வந்து குணமானவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படும். இவர்களில் யாரும் இல்லை என்றால் மாதாந்தர சுயபரிசோதனையும், மாற்றம் கண்டதும் காலம் தாழ்த்தாமல் போவதும் போதும்.

போகும்போது நகப்பூச்சையும் முகப்பூச்சையும் நீக்கிவிட்டுப் போங்கள். கூச்சப்பட்டு உள்ளாடைக்குள் இருக்கும் மச்சத்தைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள். வேண்டுமானால் உடன் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற ஒளியுள்ள உருப்பெருக்கியை மச்சத்தின்மேல் வைத்துப் பார்ப்பார். சுமார் 10 மடங்கு பெரிதாகத் தெரியும். உள்ளங்காலில் இது காட்டும் வித்தியாசம் வியப்பானது. பாதத்தின் ரேகைகளில் மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடுகின்றன. நிறம் பள்ளங்களின் வழியாகக் கோடுகோடாக ஓடினால் அது பெரும்பாலும் சாதாரண மச்சம். மேடுகளின் வழியாகப் பட்டையாக ஓடினால் மெலனோமா என்று சந்தேகிக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புத்தான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் திசுப் பரிசோதனை. மரத்துப்போகும் ஊசி போட்டு, மச்சம் முழுவதையும் ஓரத்தில் ஓரிரு மி.மீ. நல்ல தோலுடன் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 'கத்தி பட்டால் புற்று பரவிவிடும்' என்ற பேச்சைக் கேட்டு இதைத் தவிர்க்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. திசு எடுப்பதால் தோல் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் விட்ட காலத்தில்தான் அது பரவுகிறது. உண்மையான கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. மச்சத்தை அமிலம் வைத்து எரிப்பது, நூல் கட்டி அறுப்பது, அழகு நிலையத்தில் லேசரால் சுட்டுவிடுவது. மேலே உள்ள கறுப்பு போய்விடும், அடியில் உள்ளது வளர்ந்துகொண்டே இருக்கும், ஆய்வகத்தில் பார்ப்பதற்குத் திசுவும் மிஞ்சாது. மருத்துவமனையிலேயே எடுத்தாலும், எடுத்த மச்சம் ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் புற ஊதாக் குறியீடு 3-ஐ எட்டினால் நிழல், தொப்பி, முழுக்கை உடை, தடுப்புத் திறனைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாத வெயில் தடுப்புப் பூச்சு என்பது பொதுவான அறிவுரை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், தினமும் பூச்சு பூசியவர்களுக்குச் செதிள்செல் புற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. வெளிர்நிறத்தவருக்கு இது பெரிய லாபம். ஆனால் உள்ளங்காலிலும் நகத்திலும் வருவதை எந்தப் பூச்சும் தடுக்காது. அங்கே கண்தான் காவல்.

ஆய்வக அறிக்கை வந்ததும் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெலனோமா என்று வந்தால் அதில் முதலில் பார்க்க வேண்டியது பிரெஸ்லோ தடிமன். புற்று தோலுக்குள் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்பதை அது காட்டும்; 1970-இல் இந்த அளவை முறையைச் சொன்ன மருத்துவரின் பெயர் அது. 1 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும். அமெரிக்கக் கணக்குகளில், தோலைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்ட மெலனோமாவில் ஐந்தாண்டு பிழைப்பு 99 சதவீதத்துக்கும் மேல். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது சுமார் 35 சதவீதம். அடுத்துப் பார்க்க வேண்டியது வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்பது. இருந்தால் மீண்டும் சிறிது அகலமாக வெட்டுவார்கள். சாதாரண மச்சம் என்று வந்தாலும் அறிக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். அதே தழும்பில் பிறகு கருமை எழுந்தால் அடுத்து பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.